டாட் காம் இல்லாத முகவரி

1

ஜெர்மனியின் டார்ட்மண்ட் நகரில் நான் பார்க்கும் வேலை என்ன என்பதைத் திண்டிவனத்தில் இருக்கும் அப்பாவுக்கு இதுவரை என்னால் சரியாக விளக்க முடிந்ததில்லை. அவர் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, விளைவித்து மார்க்கெட் கமிட்டிக்குக் கொண்டுபோகிறவர். எதையும் கையில் எடுத்து, உடைத்து, வாயில் போட்டுப் பார்த்துத்தான் நம்புவார்.

"இன்டர்நெட்ல விலாசம் இருக்கு இல்லப்பா, டாட் காம், டாட் இன்னு முடியுமே, அந்தக் கடைசித் துண்டைப் பார்த்துக்கறதுதான் எங்க கம்பெனி வேலை" என்றேன் ஒருமுறை.

"அத்த இன்னா பார்த்துக்கறது? எங்கனா ஓடியா பூடப் போவுது?"

டாட் காமில் யார் வேண்டுமானாலும் பணம் கட்டி ஒரு பெயரைப் பதிந்துகொள்ளலாம். நல்லவனும் பதியலாம், திருடனும் பதியலாம். ஆனால் சில பெரிய நிறுவனங்கள் அந்தக் கடைசித் துண்டையே தங்கள் பெயரில் வாங்கி வைத்திருக்கின்றன. அவர்களுடைய முகவரி டாட் காம் என்று முடியாது. ஒரு புள்ளி, அதன் பிறகு நிறுவனத்தின் பெயர், அத்தோடு சரி. வால் என்று நாங்கள் சொல்லும் அந்தத் துண்டின் கீழ் வெளியாள் ஒருவரும் ஒரு பெயரும் வாங்க முடியாது. நிறுவனத்தின் பெயரையே குடும்பப் பெயராகக் கொண்டவர்கள், ரசிகர்கள், வியாபாரிகள் என்று பலர் எங்களுக்கு எழுதிக் கேட்பார்கள். இது பொதுமக்களுக்குத் திறந்ததல்ல என்று மரியாதையாகப் பதில் எழுதுவது என் வேலையில் பெரும்பகுதி.

இவ்வளவையும் கேட்டுவிட்டு அப்பா சொன்னார்: "அப்ப கேட்டாண்ட நிக்கிற வாச்மேன்னு சொல்லு."

சிரித்துவிட்டேன். ஆனாலும் உள்ளே ஓரிடத்தில் அது தைத்தது. கூடப் படித்தவர்களில் ஒருத்தி முண்டியம்பாக்கத்தில் நர்ஸாக இருக்கிறாள், ஒருத்தி முகையூர்ப் பக்கம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். நானோ கடல் கடந்து வந்து பூட்டிய கதவுக்கு முன்னால் நின்று, முகம் தெரியாதவர்களுக்கு 'இல்லை' என்று எழுதிக்கொண்டிருக்கிறேன். இதனால் யாருக்கு என்ன நன்மை என்று ரயிலில் அலுவலகம் போகும்போது பலமுறை யோசித்திருக்கிறேன்.

2

தேவகி என் பள்ளித் தோழி. மரக்காணம் பக்கத்துக் கடலோரக் குப்பம் ஒன்றிலிருந்து திண்டிவனத்துக்குப் படிக்க வந்தவள். ஹாஸ்டல் சாப்பாடு அவளுக்கு ஒத்துக்கொள்ளாது. பாதி நாள் எங்கள் வீட்டில்தான் சாப்பிடுவாள். பதிலுக்கு, ஊருக்குப் போய் வரும்போதெல்லாம் வறுத்த நெத்திலி கொண்டுவருவாள். அம்மாவுக்கு அவள் இன்னொரு பெண்.

அவள் கணவர் மதியழகன் மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை. வலையை விட்டுவிட்டு சரக்குக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்தவர். அந்த வேலை சுலபத்தில் கிடைக்கவில்லை. அதற்கு முன்னால் இரண்டு முறை, பளபளப்பான இணையதளத்தைக் காட்டி, ஆர்டர் காப்பியும் அனுப்பி, முன்பணம் வாங்கிக்கொண்டு மறைந்த ஏஜென்ட்டுகளிடம் ஏமாந்தார்கள். இரண்டாவது முறை தேவகியின் வளையல் போனது. மூன்றாவதாகத்தான் உண்மையான வேலை அமைந்தது. அதிலிருந்து தேவகியின் தம்பி பூபாலன் இந்த விஷயங்களுக்குப் பொறுப்பெடுத்துக்கொண்டான். விழுப்புரம் பழைய பஸ் ஸ்டாண்டு அருகே ஜெராக்ஸ், டிக்கெட் புக்கிங், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் செய்து தரும் கடை அவனுடையது. அக்காவுக்கு வரும் மின்னஞ்சல், தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்பு, எல்லாவற்றையும் அவன் பார்த்து, இது சரி, இது டூப்ளிகேட் என்று பிரித்துக் கொடுப்பான்.

ஆவணியில் தேவகியின் கல்யாண நாள். வருடம் தவறாமல் அன்று காலை நான் கூப்பிடுவேன். கப்பல் எந்தக் கடலில் இருந்தாலும் மதியும் அன்றைக்கு எப்படியாவது கூப்பிட்டுவிடுவார். நான் பேசும்போது அவர் சொன்ன கிண்டலை அவள் எனக்குத் திருப்பிச் சொல்வாள். அதுதான் எங்கள் வழக்கம். போன வருடம் அது ஒரு சனிக்கிழமை.

"இன்னா, மாப்பிள்ளை கூப்பிட்டாரா?" என்றேன்.

"இல்லடி. நாலஞ்சு நாளாவே ஃபோன் இல்ல. சிக்னல் கெடைக்காத எடமா இருக்கும்னு நெனைச்சுக்கினு கீறேன்." குரல் வழக்கம்போல இல்லை. பிறகு அவளே பேச்சை மாற்றுகிற மாதிரி சிரித்தாள். "இந்த நேரம் பார்த்து திருட்டுப் பசங்க வேற பேஜாரு பண்றானுங்க. உங்க வூட்டுக்காரரு ஆஸ்பத்திரில கெடக்கறாரு, ஆதார் காப்பி அனுப்புன்னு மெயிலாம். பூபாலன் பார்த்துட்டு, மூடிக்கினு போடான்னு ஓரமா தள்ளிட்டான்."

என் கையில் காபி இருந்தது. கீழே வைத்தேன்.

"அந்த மெயிலை எனக்கு அனுப்பச் சொல்லு, தேவகி. இப்பவே. ஜல்தி."

3

பூபாலன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பிவிட்டு உடனே அழைத்தான். கடையில் கூட்டம் இருந்திருக்க வேண்டும்; பின்னால் ஜெராக்ஸ் இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது.

"அக்கா, நான் சும்மா தள்ளலக்கா. நல்லா பார்த்துட்டுத்தான் சொல்றேன். மாமா கம்பெனி விலாசம் எனக்கு மனப்பாடம். டாட் காம்ல முடியும். இதுல டாட் காமும் இல்ல, டாட் இன்னும் இல்ல. ஏதோ ஒரு பேரு, அத்தோட நின்னு போச்சு. இப்படி ஒரு விலாசம் உலகத்துல உண்டா? அதுவும் இல்லாம, மாமாவுக்கு எந்த மருந்து ஒத்துக்காது, முன்னாடி ஆபரேஷன் பண்ணிக்கினாரா, இதெல்லாம் இவனுங்களுக்கு எதுக்கு? வெளிநாட்டு நம்பர்லேர்ந்து வேற அக்காவுக்கு ஃபோன் மேல ஃபோன். பிளாக் பண்ணி வுட்டேன்."

அவன் யோசித்த விதத்தில் ஒரு தப்பும் இல்லை. இரண்டு முறை சுட்டுக்கொண்டவர்களுக்கு அவன் செய்ததுதான் சரியான காரியம். யார் கேட்டாலும் நானும் அப்படித்தான் செய்யச் சொல்லியிருப்பேன்.

ஆனால் அந்த முகவரியின் வாலை நான் இரண்டாம் முறை படித்தேன். அது ஒரு பெரிய கப்பல் குழுமத்தின் பெயர். எங்கள் கம்பெனி பார்த்துக்கொள்வது அல்ல, இருந்தாலும் தெரியும். இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு இந்த வால்கள் எல்லாம் பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி. எந்த வால் யாருக்குச் சொந்தம் என்று எல்லோரும் பார்க்கக்கூடிய பொதுப் பட்டியல் உண்டு. அதில் சரிபார்த்தேன். அந்தக் குழுமத்தைத் தவிர வேறு யாருக்கும் அந்த வாலின் கீழ் இடம் கிடையாது. மதி வேலை பார்த்த சிறிய நிறுவனத்தை அந்தக் குழுமம் சமீபத்தில் வாங்கிவிட்டது என்ற செய்தியும் இருந்தது. பூபாலன் மனப்பாடம் செய்துவைத்த டாட் காம் அதோடு மாறியிருக்கிறது.

அதற்காக உடனே ஆதாரை அனுப்பச் சொல்லவும் எனக்குத் தைரியம் வரவில்லை. உறையின் மேல் அனுப்புநர் பெயரை யார் வேண்டுமானாலும் பொய்யாக எழுதிவிடலாம் இல்லையா, மின்னஞ்சலும் அப்படித்தான். ஆனால் அந்த வாலில் ஓர் இணையதளத்தை மட்டும் வெளியாள் திறக்க முடியாது. பூபாலனிடம் எதையும் அழுத்தாதே என்று சொல்லிவிட்டு, மெயிலில் இருந்த சுட்டியைத் தொடாமல், அந்தக் குழுமத்தின் முகவரியை ஒவ்வொரு எழுத்தாக நானே தட்டினேன். தளம் திறந்தது. கப்பல் ஊழியர்களின் குடும்பத்தாருக்கென்று தனிப் பக்கம் இருந்தது. அதில் ஒரு தொலைபேசி எண்.

"பூபாலா, நீ பிளாக் பண்ண நம்பரைப் படி."

அவன் படித்தான். ஒவ்வொரு இலக்கமாக என் திரையோடு ஒத்துப்போனது. கடைசி இரண்டு இலக்கங்களைப் படிக்கும்போது அவன் குரல் இறங்கிவிட்டது. அவனுக்கும் புரிந்துவிட்டது.

4

அந்த எண்ணில் பேசிய பெண் தேவகியின் பெயரைச் சொன்னதும் பெருமூச்சு விட்டாள். அவர்களை இத்தனை நாளாகத் தேடிக்கொண்டிருக்கிறோம் என்றாள்.

மதிக்குக் கப்பலில் வயிற்று வலி வந்திருக்கிறது. வாயுத் தொல்லை என்று சொல்லிச் சமாளித்திருக்கிறார். குடல்வால் வெடித்து, சீழ் வயிறு முழுவதும் பரவி, கப்பல் பிரேமர்ஹாஃபன் துறைமுகத்துக்கு வந்தபோது சுய நினைவு இல்லை. அறுவை சிகிச்சை முடிந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறார். பிரேமர்ஹாஃபன்! ஏதோ ஒரு தூரதேசம் என்று நினைத்துக் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. அது ஜெர்மனிதான். என் வீட்டிலிருந்து ரயிலில் போய்விடலாம்.

காய்ச்சல் இறங்கவில்லையாம். உடம்பெல்லாம் தடிப்பாம். அது நோயினாலா, மருந்தினாலா என்று மருத்துவர்களுக்குத் தெரியவில்லை. வீட்டாரிடம் கேட்டுச் சொல்லச் சொன்னார்களாம். கப்பல் மருத்துவப் படிவத்தில் எந்த ஒவ்வாமையும் இல்லை என்றுதான் இருந்ததாம்.

தேவகியிடம் சொல்வதற்கு முன் வார்த்தைகளைத் தேடினேன். கிடைக்கவில்லை. நடந்ததை நடந்தபடியே சொன்னேன். மறுமுனையில் அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

"பென்சிலின்" என்றாள். "பென்சிலின் ஊசி அவருக்கு ஆவாதுடி. கல்யாணம் ஆன புதுசுல ஒரு தபா போட்டு, மூஞ்சி கையெல்லாம் வீங்கி, மூச்சே நின்னு போற மாதிரி ஆயிட்டுது. எழுதினா வேலைக்கு எடுக்க மாட்டாங்கன்னு படிவத்துல மறைச்சிட்டாரு. அவங்களாண்ட சொல்லு, செல்வி. நீ வையி ஃபோனை. மொதல்ல அவங்களாண்ட சொல்லு!"

சொன்னேன். அந்தப் பெண் என்னை நேராக மருத்துவமனைக்கே இணைத்தாள். மருத்துவர் ஒருமுறைக்கு இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார். பிறகு "நன்றி, உடனே மாற்றுகிறோம்" என்றார். தேவகியைத் திரும்ப அழைத்துச் சொன்னபோதுதான் அவள் அழுதாள். நானும்.

5

தேவகிக்குப் பாஸ்போர்ட் கிடையாது. எடுத்து, விசா வாங்கி, அவள் வந்து சேர்வதற்குள் எதுவும் நடக்கலாம். செலவை ஏற்பதாக நிறுவனம் சொன்னாலும் காகிதங்கள் அதனதன் வேகத்தில்தான் நகரும். அதனால் நான் போவதாகச் சொன்னேன்.

என் மகள் ஓவியாவுக்குப் பதினாறு வயது. அவளைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நான் தமிழில் கேட்டால் அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். சின்ன வயதில் மழலையாகவேனும் வந்த தமிழ், பள்ளி உயரும்தோறும் சுருங்கிக்கொண்டே வந்தது. ஊருக்குப் போனால் தாத்தாவின் முன்னால் தலையாட்டுவதோடு நிறுத்திக்கொள்வாள். தப்பாகப் பேசினால் எல்லோரும் சிரிக்கிறார்கள் என்பது அவள் புகார். கடைசி இரண்டு விடுமுறைக்கு வரவே மறுத்துவிட்டாள். நான் சண்டை போட்டுப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், பிறகு விட்டுவிட்டேன்.

அன்று நான் அலமாரியைத் திறந்து துணி எடுத்துக்கொண்டிருந்தபோது அறை வாசலில் வந்து நின்றாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"நீ பதற்றமானா உன் ஜெர்மன் காணாமப் போயிடும்மா" என்றாள், ஜெர்மனில். "நானும் வரேன்."

அவள் சொன்னது எவ்வளவு சரி என்று மருத்துவமனை வரவேற்பிலேயே தெரிந்தது. யார் நீங்கள் என்று கேட்டார்கள். தோழியின் கணவர் என்றால் உள்ளே விட மாட்டார்கள் என்று பயந்து, அக்கா என்று சொல்லிவிடலாம் என நினைத்தேன். அக்காவுக்கு ஜெர்மனில் ஷ்வெஸ்டர். நர்ஸுக்கும் அதே சொல்தான். அவசரத்தில், "தீவிர சிகிச்சைப் பிரிவு, நான் ஷ்வெஸ்டர்" என்றேன். வரவேற்பில் இருந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பணியாளர்களுக்கான வாசல் பின்பக்கம் என்று கையைக் காட்டினார்.

ஓவியாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பிறகு முகத்தைச் சரிசெய்துகொண்டு முன்னே போய், நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னாள். நாங்கள் உறவில்லை, மனைவி இந்தியாவில் இருக்கிறார், அவரே எங்களை அனுப்பியிருக்கிறார், வேண்டுமானால் அவரோடு பேசலாம். அந்த அம்மாள் மேலே ஃபோன் செய்தார். நிறுவனத்திலிருந்து எங்கள் பெயர் ஏற்கெனவே வந்து சேர்ந்திருந்தது. பொய்யே தேவைப்படவில்லை.

6

மருந்து மாற்றி ஒரு நாள் ஆகியிருந்தது. காய்ச்சல் இறங்கத் தொடங்கியிருந்தது. மதி கண்ணை மூடிக் கிடந்தார். மூச்சுக்குழாயை அன்று காலையில்தான் எடுத்திருந்தார்கள். கல்யாணப் போட்டோவில் பார்த்த திடமான உடம்பு பாதியாகியிருந்தது. நினைவு வருவதும் போவதுமாக இருக்கிறது என்றும், அவர் ஏதோ ஒரு சொல்லையே திரும்பத் திரும்பச் சொல்கிறார், எங்களுக்குப் புரியவில்லை என்றும் நர்ஸ் சொன்னார்.

நான் தேவகிக்கு வீடியோ போட்டு ஃபோனை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். படம் ஆடிக்கொண்டே இருந்தது. ஓவியா என்னிடமிருந்து ஃபோனை வாங்கி அசையாமல் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாங்க... இன்னாங்க, நான்தான்" என்றாள் தேவகி. "கண்ணத் தொறங்க. இன்னிக்கு இன்னா கறி தெரியுமா? வவ்வாலு மீனு. நீங்க இல்லாம எறங்குமா?"

மதியின் உதடு அசைந்தது. நர்ஸ் குனிந்து, இதுதான் அந்தச் சொல் என்று எங்களுக்குச் சைகை காட்டினார். ஓவியா காதை அவர் வாயருகே கொண்டுபோனாள். அவளுக்குத்தான் முதலில் புரிந்தது.

"தண்ணி" என்றாள். "அம்மா, அவரு தண்ணி கேக்கறாரு."

இத்தனை நேரமும் ஒரு மனிதன் தண்ணீர் கேட்டிருக்கிறான்; யாருக்கும் விளங்கவில்லை. நர்ஸிடம் சொன்னாள். இன்னும் குடிக்கக் கொடுக்கக் கூடாது, உதட்டை நனைக்கலாம் என்றார் நர்ஸ். ஈரப் பஞ்சு சுற்றிய குச்சியை ஓவியாவிடமே கொடுத்தார். அவள் உதட்டைத் தொட்டுத் தொட்டு நனைத்தாள். எந்தத் தயக்கமும் இல்லாமல், உடைந்த தமிழில் பேசிக்கொண்டே நனைத்தாள். "கொஞ்சம் கொஞ்சமா, சித்தப்பா. நெறைய வேணாம் டாக்டர் சொல்லு." டாக்டர் 'சொன்னார்' என்று வந்திருக்க வேண்டும். யாரும் சிரிக்கவில்லை. மதி கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். பிறகு என்னை. "சிஸ்டர்" என்றார், ஈனமாக. என்னை அவர் எப்போதும் கூப்பிடுவது அப்படித்தான்.

 ஃபோனில் தேவகிக்குப் பின்னால் பூபாலனின் முகம் தெரிந்தது. விழுப்புரத்தில் கடையைப் பூட்டிவிட்டு அக்கா வீட்டுக்கே போய்விட்டிருந்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அக்கா, நான் வேணும்னே..." என்று ஆரம்பித்தான்.

"நீ இருந்ததாலதாண்டா உங்கக்கா இத்தனை வருஷமா மறுபடி ஏமாறல" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

7

மதி பிழைத்தார். கொஞ்ச நாள் அங்கேயே இருந்து தேறினார். வார இறுதிகளில் நாங்கள் போய் வந்தோம். ரசம் வைத்து எடுத்துப்போனேன். அனுமதித்த அன்று குழந்தை மாதிரி குடித்தார். ஒவ்வாமையை மறைத்த விஷயத்தில் வேலை போய்விடுமோ என்பதுதான் அவருடைய பெரிய பயம். நிறுவனம் படிவத்தைத் திருத்திக்கொண்டு, உடம்பு தேறியதும் மீண்டும் வரச் சொல்லியிருக்கிறது. அவர் ஊர் திரும்பிய அன்று சென்னை விமான நிலையத்துக்குப் பூபாலன் கார் எடுத்துப்போனான். வழியில் திண்டிவனத்தில் நிறுத்தி, மதியை என் அப்பாவிடம் காட்டிவிட்டுத்தான் மரக்காணம் போயிருக்கிறார்கள்.

அன்று அப்பா கூப்பிட்டார். பயிர், மழை, கூலி ஆள் கிடைக்காதது என்று எல்லாம் பேசினார். வைக்கும்போது மட்டும், "அந்தப் புள்ளையப் பார்த்தேம்மா. நல்லா கீறான்" என்றார்.  எனக்கு அது போதும்.

நான் இந்தக் குறிப்பை எழுதுவது நன்றி சொல்லத்தான். தன் பெயரை ஒரு வாலாக வாங்கி, அதில் வேறு யாரையும் நுழைய விடாமல் வைத்திருந்த, நான் நேரில் பார்த்திராத ஒரு நிறுவனத்துக்கு. வார இறுதியிலும் ஃபோனை எடுத்த அந்தப் பெண்ணுக்கு. தலைக்கு மேல் வேலை இருந்தும் ஒரு குச்சியை என் மகள் கையில் கொடுத்த நர்ஸுக்கு. இந்த நாடு என்னிடமிருந்து என் பெண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டுவிட்டது என்று மனதுக்குள் குறைபட்டுக்கொண்டிருந்தேன். அன்று அந்த வரவேற்பு மேசையில் எனக்காகப் பேசியதும் என் மகள்தான். அந்தக் கட்டிலருகே தண்ணி என்ற சொல்லை எனக்கு முன்னால் கேட்டதும் அவள்தான். ஜெர்மன் வந்ததால் தமிழ் போய்விட்டது என்று நான் போட்ட கணக்கு சரியில்லை.

இப்போதெல்லாம் தேவகி என்னைக் கூப்பிடுவது குறைந்துவிட்டது. ஓவியாவின் எண்ணுக்கு நேராகவே கூப்பிடுகிறாள். மதியும் நடுவில் வந்து பேசுகிறார். போன வாரம் பேச்சு வெகு நேரம் நீண்டது. சாப்பாடு ஆறுகிறதே என்று அறைக் கதவைத் தள்ளி, "யாரோட இவ்வளவு நேரம்?" என்றேன்.

ஓவியா ஃபோனைக் கையால் மூடிக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். அச்சு அசலாக மரக்காணத்துக் குப்பத்திலேயே பிறந்து வளர்ந்தவள் மாதிரி சலித்துக்கொண்டாள்:

"இன்னாம்மா நீ, சித்தியாண்ட பேசிக்கினு கீறேன் இல்ல? நீ போய் துன்னு, நான் வர்றேன்."

நான் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.